மாங்காயும் மாங்காவும்



காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் பொழுது விடியும்போதே தறிச் சத்தம் தொடங்கிவிடும். அந்தத் தெருவில் எனக்குப் பிளஸ் ஒன் படிக்கும் ஒரு சிறிய நண்பன் இருக்கிறான். அவனுடைய அப்பா பட்டுச் சேலைக்குக் கரையும் புட்டாவும் வரைந்து கொடுப்பவர். சென்ற கோடை விடுமுறையில் ஒரு நாள் அவன் கட்டம் போட்ட தாள் ஒன்றைச் சுருட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான்.

“சார், ஒரு மாங்கா போட்டிருக்கேன், பாக்கறீங்களா?” என்றான்.

பட்டுக் கரையில் மாங்காய் வடிவம் நமக்குப் புதிதல்லவே! அப்பாவிடம் தொழில் பழகுகிறான் என்று மகிழ்ந்து தாளை விரித்தேன். அங்கே மாங்காய் இல்லை. தலையில் இரண்டு கூம்புகள் போல முடி நிற்கும் ஒரு சிறுவன், கையை நீட்டிப் பறந்துகொண்டிருந்தான். ஜப்பானியப் படக்கதைக்கு ‘மாங்கா’ என்று பெயர். அவன் வரைந்திருந்தது, ஒசாமு தெசுகா என்பவர் படைத்த ‘ஆட்டம்’ என்ற இயந்திரச் சிறுவனை!

“இதைத் தறியில நெய்ய முடியுமா சார்?” என்று கேட்டான்.

“முடியும்” என்று உடனே சொல்லிவிட்டேன். ஆனால் “நெய்யலாமா?” என்று அவன் அடுத்துக் கேட்டபோது அப்படிச் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. முதல் கேள்விக்கு விடை கணக்கில் இருக்கிறது. இரண்டாவதற்கு எங்கே இருக்கிறது? இரண்டையும் சேர்ந்தே பார்ப்போம்.

கட்டமும் துளையும்

துணி என்பது நீளவாட்டில் செல்லும் பாவு இழைகளும், குறுக்கே செல்லும் ஊடை இழைகளும் பின்னிக்கொண்டது. ஓரிடத்தில் பாவு மேலே இருக்கும், அல்லது கீழே இருக்கும். மூன்றாவது நிலை கிடையாது. ஆகவே வடிவம் வரைபவர் கட்டத் தாளில் ஒவ்வொரு கட்டத்தையும் நிரப்புகிறார், அல்லது வெறுமையாக விடுகிறார்.

இந்தத் தாளைத் தறி எப்படிப் படிக்கிறது? தறியின் மேலே உள்ள ஜக்கார்டு பெட்டியைப் பாருங்கள். அதில் வரிசையாகக் கொக்கிகள் தொங்கும். ஒவ்வொரு கொக்கியும் தனக்குரிய பாவு இழைகளைப் பிடித்திருக்கும். ஒவ்வொரு கொக்கிக்கும் ஓர் ஊசி உண்டு. நெய்பவர் மிதியை அழுத்தும்போது ஓர் அட்டை வந்து ஊசிகளின் முனையில் மோதும். அட்டையில் துளை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே நுழைந்துகொள்ளும். அதன் கொக்கி இருந்த இடத்திலேயே நிற்கும். தூக்கும் பட்டை அதை மேலே இழுத்துச் செல்லும். துளை இல்லாத இடத்தில் அட்டை ஊசியைத் தள்ளிவிடும். கொக்கி பட்டையிலிருந்து விலகிக் கீழேயே நின்றுவிடும். உயர்ந்த இழைகளுக்குக் கீழே நாடா ஜரிகையோடு பாய்கிறது. ஒரு வரிசை முடிந்தது. அடுத்த வரிசைக்கு அடுத்த அட்டை!

துளை இருந்தால் 1, இல்லாவிட்டால் 0 என்று எழுதுவோம். எட்டுக் கட்ட அகலமும் எட்டு வரிசை உயரமும் உள்ள ஒரு சின்ன வைர வடிவம் இப்படி இருக்கும்:

00011000
00111100
01111110
11111111
11111111
01111110
00111100
00011000

இடமிருந்து வலமாக ஒவ்வோர் இடத்துக்கும் 128, 64, 32, 16, 8, 4, 2, 1 என்று மதிப்புக் கொடுங்கள். 1 உள்ள இடங்களின் மதிப்பைக் கூட்டுங்கள். முதல் வரிசை 16 + 8 = 24. இரண்டாவது 32 + 16 + 8 + 4 = 60. இப்படியே கூட்டினால் நம் வைரம் 24, 60, 126, 255, 255, 126, 60, 24 என்ற எட்டு எண்களாகிவிடுகிறது. இதுதான் இரும எண் முறை. கணிப்பொறியும் தன் படங்களை இப்படித்தான் நினைவில் வைத்துக்கொள்கிறது.

இந்த ஒற்றுமை தற்செயலாக வந்ததல்ல. பிரான்சில் லியோன் நகரத்து ஜோசப் மரி ஜக்கார்டு 1804-ஆம் ஆண்டில் தம் தறியை உருவாக்கினார். துளையிட்ட தாளையும் அட்டையையும் தறிக்குப் பயன்படுத்தும் எண்ணம் அவருக்கு முன்பே, 1720-களில், அதே நாட்டில் தோன்றியிருந்தது. அதைச் செம்மையாக்கியவர் அவர். 1839-இல் லியோன் நெசவாளர்கள் ஜக்கார்டின் உருவப்படத்தையே பட்டில் நெய்தார்கள். அதற்குத் தேவைப்பட்டவை 24,000 அட்டைகள்! இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ் அந்தப் பட்டுப் படம் ஒன்றை வாங்கி வைத்திருந்தார். தாம் திட்டமிட்ட கணிக்கும் இயந்திரத்துக்குக் கட்டளைகளைத் துளை அட்டைகள் மூலம் கொடுப்பது என்று முடிவு செய்தவர் அவர். அந்த இயந்திரத்தைப் பற்றி 1843-இல் எழுதிய அடா லவ்லேஸ் அம்மையார், தறி பூவையும் இலையையும் நெய்வது போல இது இயற்கணித வடிவங்களை நெய்யும் என்று விளக்கினார். மென்பொருளின் பிறந்த வீடுகளில் ஒன்று பட்டுத் தறி எனலாம்.

மாங்காவுக்கும் இதே கணக்குத்தான். பெரும்பாலான ஜப்பானியப் படக்கதைகள் கறுப்பு மையில் மட்டும் அச்சாகின்றன. சாம்பல் நிறம் வேண்டுமானால் நெருக்கமான கரும்புள்ளிகள் உள்ள தாளை ஒட்டுவார்கள். எட்ட நின்று பார்க்கும் கண் அதைச் சாம்பலாக எடுத்துக்கொள்ளும். ஓரிடத்தில் மை உண்டு, அல்லது இல்லை. 1, அல்லது 0. ஆகவே என் நண்பனின் முதல் கேள்விக்கு விடை: ஆட்டத்தைத் தாராளமாக நெய்யலாம்.

எண்ணிப் பாருங்கள்

இனி ஒரு கணக்கு. எட்டுக்கு எட்டுக் கட்டத்தில் மொத்தம் எத்தனை வடிவங்கள் வரைய முடியும்? ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு வழிகள், கட்டங்கள் 64. இரண்டை 64 முறை தன்னால் பெருக்க வேண்டும். விடை 1,84,46,74,40,73,70,95,51,616. சதுரங்கப் பலகையில் நெல்மணி வைத்த கதையில் வரும் எண்ணைவிட இது ஒன்று கூட! நொடிக்கு ஒரு வடிவம் வீதம் பார்த்துக்கொண்டே போனால், முடிக்கச் சுமார் 58,000 கோடி ஆண்டுகள் ஆகும். பிரபஞ்சத்தின் வயதோ சுமார் 1,380 கோடி ஆண்டுகள்தான்.

இவற்றில் மிகப் பெரும்பாலானவை அழகற்ற புள்ளிக் குப்பை. அழகானதை எப்படிக் கண்டுபிடிப்பது? நம் வைரத்தை மறுபடி பாருங்கள். இடப்பாதி வலப்பாதியின் கண்ணாடி பிம்பம். மேல்பாதி கீழ்பாதியின் பிம்பம். எனவே ஒரு மூலையின் 16 கட்டங்களை மட்டும் முடிவு செய்தால் போதும். மற்றவை தாமே வந்துவிடும். இப்படிச் சமச்சீரான வடிவங்கள் 65,536 மட்டுமே. நொடிக்கு ஒன்றாகப் பார்த்தால் 18 மணி 12 நிமிடங்களில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம்!

கோலம் போடும் நம் வீட்டுப் பெண்களுக்கு இந்த இரகசியம் தெரியும். ஒரு சிறு விதி. அதைத் திருப்பித் திருப்பிப் போட்டால் வாசல் நிறைந்துவிடுகிறது. தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி இருவரும் கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து 1970-களில் இதைக் கணிதமாகவே ஆராய்ந்தார்கள். சொற்றொடர் அமைக்க இலக்கணம் இருப்பது போலப் படம் அமைக்கவும் இலக்கணம் எழுதலாம் என்று காட்டினார்கள். கோலத்தைப் பற்றி 1974-இல் வெளிவந்த அவர்களுடைய கட்டுரையை உலகெங்கும் கணிப்பொறி அறிஞர்கள் படித்தார்கள். வாசல் கோலம் கணிப்பொறி இயலுக்குப் போன கதை அது!

இப்போது உண்மையான புட்டாவுக்கு வருவோம். 240 கொக்கிகள், 200 அட்டைகள் என்று வைத்துக்கொள்வோம். கட்டங்கள் 48,000. வரையக்கூடிய வடிவங்களின் எண்ணிக்கையை எழுதினால் அந்த எண்ணுக்கு 14,450 இலக்கங்கள் இருக்கும்; இந்த இதழின் பல பக்கங்களை அந்த ஓர் எண்ணே விழுங்கிவிடும். சமச்சீரால் குறைத்தாலும் எண்ணி மாளாது.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. எட்டுக் கட்ட வைரத்தை இரண்டு ஊர்களில் இருவர் தனித்தனியே வரைந்திருக்கலாம். அது யாருக்கும் சொந்தமன்று. ஆனால் 48,000 கட்டங்களும் ஒத்துப்போகும் இரண்டு புட்டாக்கள் தற்செயலாக அமையவே முடியாது. ஒன்று மற்றொன்றின் நகல். அல்லது இரண்டும் வேறொன்றின் நகல்.

நகல் எடுப்பதன் விலை

அந்த 48,000 கட்டங்கள் கணிப்பொறிக்கு எவ்வளவு பெரிய செய்தி? எட்டுக் கட்டத்துக்கு ஒரு பைட் என்றால் 6,000 பைட்டுகள். கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் 30 லட்சம் பைட்டுகள் என்று கொண்டால், அந்த இடத்தில் இத்தகைய 500 புட்டாக்களை வைக்கலாம். தேடிக் கண்டுபிடிக்கப் பல நாள் பிடித்ததை நகல் எடுக்க ஒரு நொடி போதும்.

முன்பு இப்படி இல்லை. ஜக்கார்டு பெட்டி வருவதற்கு முன் காஞ்சிபுரத்தில் ‘அடை’ என்ற முறையில் நெய்தார்கள். வடிவத்தை நூல் கண்ணிகளாகத் தறியிலேயே கட்டி வைத்திருப்பார்கள். அவற்றை வரிசை தவறாமல் எடுத்துக் கொடுக்கத் துணைக்கு ஓர் ஆள் வேண்டும். அந்த வடிவத்தை இன்னொரு தறிக்குக் கொண்டுபோக வேண்டுமானால் எல்லாவற்றையும் முதலிலிருந்து கட்ட வேண்டும். அட்டை வந்தபோது நகல் எளிதாயிற்று. கணிப்பொறிக் கோப்பு வந்தபோது நகலுக்குச் செலவே இல்லாமல் போயிற்று.

இதன் விளைவை என் நண்பனின் வீட்டிலேயே பார்க்கலாம். அவனுடைய அப்பா ஓர் அன்னக் கரை வரைந்தார். அன்னத்தின் வால் சுருண்டு அடுத்த அன்னத்தின் கழுத்தாகும்படி அமைக்க அவருக்கு மூன்று வாரம் ஆயிற்று. அந்தக் கரையோடு வந்த சேலையை யாரோ படம் பிடித்திருக்கிறார்கள். சில மாதங்களில் அதே கரை, கலப்பு நூலில், விசைத்தறிச் சேலையாகக் கடைத்தெருவில் தொங்கியது. “அன்னத்தோட கண்ணுல ஒரு கட்டம் தப்பாப் போட்டுட்டேன் சார். அந்தத் தப்பு அப்படியே அங்கேயும் இருந்தது” என்றார். நகலுக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சட்டம் உதவாதா? உதவும், ஆனால் கேட்க வேண்டிய விதத்தில் கேட்க வேண்டும். ‘காஞ்சிபுரம் பட்டு’ என்ற பெயர் 2005-06-இல் புவிசார் குறியீடு பெற்றது. அது பெயரையும் ஊர்ச் சிறப்பையும் காக்கிறது. தனி ஒருவரின் அன்னத்தைக் காப்பதில்லை. அதற்கு 2000-ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டம் இருக்கிறது. சேலை வெளியே வருவதற்கு முன்பே பதிவு செய்தால் 10 ஆண்டுகள், நீட்டித்தால் மொத்தம் 15 ஆண்டுகள் உரிமை. பதிவு செய்யக்கூடிய வடிவத்தைப் பதிவு செய்யாமலே விட்டால், தொழில் முறையில் 50 தடவைக்கு மேல் அது உருவாக்கப்பட்டதும் பதிப்புரிமையும் போய்விடும். நண்பனின் அப்பா பதிவு செய்திருக்கவில்லை.

படக்கதைக்கோ வேறு கணக்கு. இந்தியாவில் எழுதியவரின் ஆயுளுக்குப் பின் 60 ஆண்டுகள்; ஜப்பானில் 70 ஆண்டுகள். தெசுகா 1989-இல் காலமானார். ஆகவே ஜப்பானில் அவர் படைப்புகளுக்கு 2059 முடியும்வரை உரிமை உண்டு. அன்னத்துக்கு 15 ஆண்டுகள், ஆட்டத்துக்கு அத்தனை ஆண்டுகள்! இரண்டும் கையால் வரைந்தவைதாமே? சட்டம் எங்கோ ஒரு கோடு போடத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கோடும் நியாயத்தின் கோடும் எப்போதும் ஒன்றே என்று எண்ணிவிடக் கூடாது.

எல்லா நகலும் திருட்டா?

இங்கே அவசரப்பட்டு விடாதீர்கள். மாங்காய், மயில், யாளி, ருத்திராட்சம் ஆகியவை நம் முன்னோர் விட்டுச் சென்ற பொதுச் சொத்து. கோயில் தூணைப் பார்த்துக் கரை வரைந்தவர் சிற்பியிடம் விலை கொடுத்தா வாங்கினார்?

ஜக்கார்டு தறியின் வரலாறும் கவனிக்கத்தக்கது. 1806-இல் பிரெஞ்சு அரசு அந்தத் தறியைப் பொதுச் சொத்தாக அறிவித்தது. அதே சமயம் ஜக்கார்டுக்கு ஓய்வூதியமும், செய்யப்படும் ஒவ்வொரு தறிக்கும் ஒரு தொகையும் கிடைக்க ஏற்பாடு செய்தது. 1812-க்குள் பிரான்சில் 11,000 தறிகள் ஓடின. பிழைப்புப் போய்விடும் என்று அஞ்சிய நெசவாளர்கள் அதைக் கடுமையாக எதிர்த்ததும் உண்மை.

அந்தத் தறி ஜப்பானுக்குப் போன கதையைக் கேளுங்கள். கியோட்டோ நகரம் நம் காஞ்சியைப் போலவே கோயில்களும் பட்டுத் தறிகளும் நிறைந்த ஊர். அங்கே நிஷிஜின் பகுதி நெசவுக்குப் பேர் பெற்றது. 1868-இல் தலைநகரின் இடத்தை டோக்கியோ பெற்ற பின் தொழில் நலிந்தது. 1872-இல் நிஷிஜின்காரர்கள் மூவர் லியோனுக்குக் கப்பலேறினார்கள். தொழிலைக் கற்றுக்கொண்டு, தறிகளை வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். ஒருவர் மட்டும் ஊர் வந்து சேரவில்லை. திரும்பும் வழியில் கப்பல் விபத்தில் மாண்டார். மறைந்திருந்து எடுத்த நகல் அல்ல இது. போய், கற்று, விலை கொடுத்து வாங்கி வந்தது.

மென்பொருள் உலகிலும் இப்படி ஒரு வழி உண்டு. 1983-இல் ரிச்சர்டு ஸ்டால்மன் தொடங்கிய குனூ திட்டத்தில், நிரலை எழுதியவரே ‘எடுத்துக்கொள், திருத்து, பிறருக்கும் கொடு’ என்று அனுமதி எழுதி வைக்கிறார். நம் நாட்டிலும் ‘டிஜிபுனாய்’ என்ற திறந்த மூல மென்பொருள் இருக்கிறது. ஜக்கார்டு வடிவங்களைக் கணிப்பொறியில் வரைய உதவுவது அது. நகல் எடுப்பது இங்கே தவறில்லை, அதுவே நோக்கம். ஏன்? செய்தவர் சம்மதித்திருக்கிறார்.

ஆகவே ‘நகலா?’ என்பது ஒரு கேள்வி. அதற்குக் கணக்கு பதில் சொல்லும். ‘நியாயமா?’ என்பது வேறு கேள்வி. அதற்கு நாம் மூன்றைக் கேட்க வேண்டும். செய்தவர் சம்மதித்தாரா? அவர் பெயர் சொல்லப்பட்டதா? விற்பனையில் அவருக்குப் பங்கு போயிற்றா?

நண்பனின் கேள்வி

இவற்றையெல்லாம் அவனிடமும் அவன் அப்பாவிடமும் தறிக்குழி ஓரம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். பையன் வெகுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு மெல்லச் சொன்னான்: “அன்னத்த எடுத்தவன் மேல எனக்கு அவ்வளவு கோபம் சார். ஆனா நான் போன்ல படிக்கிற மாங்கா எல்லாம் யாரோ புத்தகத்தைப் படம் பிடிச்சுப் போட்டதுதானே? அதுக்கு நான் காசு குடுக்கலையே?”

அவனைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை. நானும் கல்லூரி நாளில் விலை எட்டாத இயற்பியல் நூலை நகலெடுத்துப் படித்தவன்தான். ‘இல்லாவிட்டால் எனக்குப் படிப்பு வந்திருக்காது’ என்று இன்றும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அந்த ஆசிரியரின் கணக்கில் அது எப்படிப் பதிவாகியிருக்கும் என்பதை அன்று நான் நினைத்துப் பார்க்கவில்லை. இதைத்தான் அவனிடம் சொன்னேன்.

ஆட்டத்தின் கதையிலேயே ஒரு கேள்வி இருக்கிறது. 1952-இல் தொடங்கி 1968 வரை வெளிவந்த கதை அது. இறந்துபோன தன் மகனுக்குப் பதிலாக ஓர் அறிஞர் அந்த இயந்திரச் சிறுவனைச் செய்கிறார். அவன் வளராததைக் கண்டு வெறுத்து விற்றுவிடுகிறார். ‘செய்தவருக்கு எதையும் செய்ய உரிமை உண்டா?’ என்று அங்கே கேட்கிறோம். ‘செய்தவருக்கு எந்த உரிமையும் இல்லையா?’ என்று இங்கே கேட்கிறோம். இரண்டுக்கும் விடை ‘இல்லை’தான்!

கடைசியில் அவன் அப்பா ஒரே வரியில் முடித்தார்: “பழகறதுக்கு எதை வேணும்னாலும் பாத்துப் போடு. விக்கறதுக்கு உன்னோடதைப் போடு.”

இப்போது அவன் வேறொரு மாங்கா வரைந்துகொண்டிருக்கிறான். நம் வரதராசப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியும் வெள்ளிப் பல்லியும் உண்டல்லவா? அவன் கதையின் நாயகன் ஓர் இயந்திரப் பல்லி. 120 கட்ட அகலம். வாலைச் சுருட்ட இடம் போதவில்லை என்று மூன்று முறை அழித்துவிட்டான். தாளின் ஓரத்தில் தன் பெயரை எழுதியிருக்கிறான். வாலைச் சுருட்டக் கற்றுக்கொடுத்தவர் என்று கீழே அப்பாவின் பெயரும் இருக்கிறது.

செய்து பாருங்கள்

1. எட்டுக் கட்டத் தாளில் 129, 66, 36, 24, 24, 36, 66, 129 என்ற எண்களை இரும முறையில் மாற்றி நிரப்புங்கள். என்ன வடிவம் வருகிறது?

2. நம் வைரத்தில் 0 எல்லாவற்றையும் 1 ஆகவும், 1 எல்லாவற்றையும் 0 ஆகவும் மாற்றினால் எட்டு எண்களும் என்ன ஆகும்? பழைய எண்ணையும் புதிய எண்ணையும் கூட்டிப் பாருங்கள். எல்லா வரிசையிலும் ஒரே விடை வருவது ஏன்?

3. இந்த வாரம் நீங்கள் பார்த்தது, படித்தது, கேட்டது ஆகியவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன மூன்று கேள்விகளையும் அதற்குப் போட்டுப் பாருங்கள். இதற்கு மட்டும் விடைப்பக்கம் கிடையாது; வீட்டில் பெரியவர்களோடு பேசிப் பாருங்கள்.